வகுப்பறையிலிருந்து திருவிழா மேடைக்கு

(மட்டாஞ்சேரியில் தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் வீட்டுப் பிள்ளை ஒன்று ஆசிரியர் வேலைக்குப் போய்விட்டால், அந்த வீடே கரையேறிவிட்டதாக நினைக்கிறோம். அதில் தவறில்லை. சலவைக் கல்லிலும் மூட்டை சுமப்பதிலும் தேய்ந்த கைகள் வாங்கித் தந்த வேலை அது. அதை விட்டுவிட்டுக் கதை சொல்லப் போகிறேன் என்றால், “பைத்தியமா பிடித்திருக்கிறது?” என்றுதான் கேட்போம்.

கொல்லம் பக்கம் சவரா தெக்கும்பாகத்தில் 1929-இல் பிறந்த வி. சாம்பசிவன் இதைத்தான் செய்தார். கல்லூரிக்குப் பணமில்லை. 1949-இல் கோயில் மேடையேறி, கதை சொல்கிறேன், படிக்க உதவுங்கள் என்று மக்களிடமே கேட்டார். அப்படிப் படித்து ஆசிரியரானார். பிறகு அந்த வேலையை விட்டு, முழுநேரக் கதாப்பிரசங்கக் கலைஞரானார். நம் தஞ்சையில் செழித்த கதாகாலட்சேபத்தின் உறவுக்காரக் கலை அது. ஆனால் புராணத்தோடு நிற்கவில்லை. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைச் சொன்னார். டால்ஸ்டாயின் நாடகம் ஒன்றை ‘அனீஸ்யா’ என்று சொன்னார். பள்ளி வாசலை மிதிக்காதவர்களும் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். 1996-இல் மறைந்தார். வகுப்பில் நாற்பது பிள்ளைகள், கோயில் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர். அவர் ஆசிரியர் வேலையை விட்டாரா என்பதே நமக்குச் சந்தேகம்!

இந்த மட்டாஞ்சேரியையே பாருங்கள். துறைமுகத்தில் வேலைக்கு நின்ற கூட்டத்துக்குள் ‘சாப்பா’ என்ற வில்லையை வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கே அன்றைய கூலி. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது; தொழிலாளர் உயிர்கள் பலியாயின. கே. எம். சிதம்பரன் அதை ‘துறமுகம்’ என்ற நாடகமாக எழுதினார். 2023-இல் அது திரைப்படமாகவும் வந்தது. சாப்பா என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிவது இப்படித்தான்.

நம் கதை எங்கே? டச்சுக்காரர் படைக்குத் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தோர் பக்கத்து ஃபோர்ட் கொச்சியில் இருக்கிறார்கள். அங்கே 1976-இல் கட்டிய தோபிகானாவுக்குச் சுற்றுலாக்காரர்கள் வந்து படம் பிடித்துப் போகிறார்கள். படத்தில் முகம் இருக்கிறது, பேச்சு இல்லை.

வேலையை விடு என்று எந்தப் பிள்ளைக்கும் நாம் சொல்ல மாட்டோம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் ஆசிரியர் பயிற்சி முடித்த நம் பெண் ஒருத்தி, பாட்டிமாரிடம் கேட்ட கதைகளை வில்லுப்பாட்டாகச் சொல்கிறேன் என்று சங்கத்திடம் வந்து நிற்கிறாள். அப்பாவுக்கு மனமில்லை. அவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணே, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் கொடுங்கள். முன்வரிசையில் உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கிறோம்.