முதியோர் உதவித்தொகை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

இசை விருந்துக்கு நடுவே கணக்குப் பேச வந்துவிட்டோமே என்று தாங்கள் சலித்துக்கொள்ளக்கூடும். ரயில்வேயில் எழுத்தர் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு வேறென்ன வரும்!

நம் காலனி வீடுகளில் பாத்திரம் துலக்கும் மூதாட்டியைத் தாங்கள் அறிவீர்கள். கட்டட வேலைக்காகக் கணவருடன் சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவர், இன்று தனியர். அவருக்கு முதியோர் உதவித்தொகை பெற்றுத் தரச் சென்ற ஆண்டு சங்கத்தார் முயன்றோம். ஊர்க் குடும்ப அட்டையில் அவர் பெயர் நீங்கிவிட்டது. தமிழகம் 1962-இலேயே மாதம் 20 ரூபாயுடன் இவ்வுதவியைத் தொடங்கிற்று, 2023-இல் 1,200 ஆக்கிற்று என்று நாம் பெருமை பேசலாம். அவருக்கு அதனால் பயனில்லை. இங்கோ வயதுச் சான்று கேட்டனர். மருத்துவர் கடிதம் கொண்டுபோனோம். குடியிருப்புச் சான்று கேட்டனர். வீட்டுக்காரர் எழுதித் தர அஞ்சினார். எப்படியோ அதையும் பெற்றோம். பிறகு கைரேகை பதியவில்லை. நம் பாத்திரங்களைத் தேய்த்துத் தேய்ந்த விரல்களல்லவா அவை! எல்லாம் ஒருவாறு முடிந்த பின், ‘இடம் காலியில்லை’ என்றனர். ரயிலில் இடமில்லை என்று எத்தனையோ பேரிடம் நாமே சொல்லியிருக்கிறோம். முதுமைக்கும் காத்திருப்போர் பட்டியல் உண்டென்று அன்றுதான் அறிந்தோம்.

அந்த அலுவலரை நொந்து பயனில்லை. முதுமையில் அரசு உதவ வேண்டுமென்று அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் பொருளாதார வலிமைக்கு உட்பட்டே என்றும் சேர்த்துக் கூறுகிறது. மத்திய அரசின் திட்டம் 1995 ஆகஸ்ட் 15-இல் 75 ரூபாயுடன் பிறந்தது. 2006-இல் 200 ஆயிற்று. 2011-இல் தகுதி வயது 65-லிருந்து 60 ஆகக் குறைந்தது. எண்பது கடந்தோர்க்கு 500 என்றாயிற்று. மற்றவர்க்கு அந்த 200 பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அசையவில்லை. பயன்பெறுவோர் தொகையும் 2001-ஆம் ஆண்டு மக்கட்கணக்கையொட்டி ஏறத்தாழ 2.2 கோடி என வரம்பு கட்டப்பெற்றது. ஒருவர் கண் மூடினால்தான் மற்றொருவருக்கு வழி என்னும் நிலை இவ்வாறு வந்ததே.

நமக்குப் பஞ்சப்படி ஆண்டுக்கு இருமுறை கணக்கிடப்படுகிறது. அது சில வாரம் தாமதித்தாலே காலனி முழுவதும் அதே பேச்சு. அரிசியும் பருப்பும் அம்மூதாட்டிக்கு வேறு விலையிலா விற்கின்றன?

குறையை மாநிலங்கள் நிரப்பட்டும் என்பர். நிரப்புகின்றன, ஆனால் கருவூலத்திற்குத் தக்கபடி, தேர்தலுக்குத் தக்கபடி. பீகார் 400 ரூபாயை 1,100 ஆக்கியது 2025-இல், தேர்தல் நடந்த ஆண்டில். இலவசம் மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்பாரும் நம்மிடையே உளர். இருநூறு ரூபாயை நம்பி எவர் சோம்பியிருப்பார் என்று அவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

மனுவை மீண்டும் கொடுத்திருக்கிறோம். நகலும் ரசீதும் செயலாளரிடம் உள்ளன. இவரைப் போல் இன்னும் நால்வர் இப்பகுதியில் இருப்பதாகத் தெரிகிறது. ஞாயிறு காலை சங்க அறையில் அமர்ந்து மனு எழுத, இந்தி நன்கு எழுதத் தெரிந்த இளைஞர் இருவர் தேவை. விழா முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.