கல்லா காத்திருக்கும், வயது காத்திருக்காது!

(உத்திரமேரூர் வட்டார வணிகர்களும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

வெளியூர்க்காரர் யாராவது இந்த ஊருக்கு வந்தால் முதலில் எதைப் பார்க்கக் கேட்கிறார்? வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைத்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 என்று ஆண்டு கணித்திருக்கிறார்கள். குடவோலை முறையில் ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதிகள் அதில் இருக்கின்றன. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் கிடைத்ததில்லை என்பது உண்மை. ஆனாலும் அதில் இரண்டு செய்திகள் நமக்குத் தேவைப்படுகின்றன.

ஒன்று, வாரியத்தில் அமர்பவருக்கு 35 வயதுக்குக் குறையக் கூடாது. 70 வயதைத் தாண்டவும் கூடாது. மற்றொன்று, குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். எது யாருடைய ஓலை என்ற பேதம் அறியாத பாலகன்.

கவனித்தீர்களா? பெரியவர் சுமக்க வேண்டிய பொறுப்பைப் பெரியவரிடம் கொடுத்தார்கள். பிள்ளையின் கை செய்யக் கூடியதைப் பிள்ளையிடம் கொடுத்தார்கள். வயதுக்கு ஒரு வேலை உண்டு என்பது 1,100 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் கல்லில் வெட்டிய பாடம். அந்தப் பாடத்தை நம் வீட்டில், நம் கடையில் நாம் படித்திருக்கிறோமா? இதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

என் கதையையே சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் என் அத்தா என்னை மளிகைக் கடையில் உட்கார வைத்தார். கணக்கில் நான் சுறுசுறுப்பு. ஒரே வாரத்தில் நிறுவையும் பாக்கிச் சில்லறையும் கைவந்துவிட்டன. வாடிக்கையாளர்கள், "பாய், பையன் புலி! இனி உங்களுக்குக் கவலையில்லை" என்றார்கள். அத்தாவுக்குப் பெருமை, எனக்கும் பெருமை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. நான் போகவில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. பாராட்டியே நிறுத்திவிட்டார்கள். அத்தா மீது எனக்கு இன்றளவும் கோபமில்லை. அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை

ஒரு சோதனை செய்து பாருங்கள். கால் லிட்டர் எண்ணெயை அகலமான கிண்ணத்தில் ஊற்றுங்கள். இன்னொரு கால் லிட்டரை ஒல்லியான உயரக் குப்பியில் ஊற்றுங்கள். எதில் அதிகம் என்று நான்கு, ஐந்து வயதுக் குழந்தையைக் கேளுங்கள். கண்முன்னே அளந்து ஊற்றியிருந்தாலும் குழந்தை உயரமான குப்பியைத்தான் காட்டும். அதே குழந்தை எட்டு வயதில், "ரெண்டும் ஒண்ணுதானே!" என்று சிரிக்கும். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜான் பியாஜே இப்படிப்பட்ட சோதனைகளைக் கொண்டுதான் குழந்தையின் சிந்தனை படிப்படியாக வளர்வதை விளக்கினார். ஏறத்தாழ 7 வயது முதல் 11 வயது வரை பிள்ளை கண்ணால் காண்பதை, கையால் தொடுவதை வைத்து ஒழுங்காகக் கணக்குப் போடும்.

இந்தப் பருவத்தில் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் உயரமும், இரண்டு மூன்று கிலோ எடையும் கூடும். பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். நாம் இரவு பத்தரைக்குக் கடையடைத்து வந்து, "பிள்ளை முகத்தைப் பார்க்கணும்" என்று எழுப்பி உட்கார வைக்கிறோம். காலையில் அவன் வகுப்பில் தூங்கி விழுகிறான். ஆசிரியர் மக்கு என்கிறார்.

மக்கு என்ற அந்தச் சொல்தான் இந்த வயதின் பெரிய விஷம். இந்த வயதுப் பிள்ளைக்குள் ஒரு போராட்டம் நடக்கிறது என்றார் எரிக் எரிக்சன் என்ற உளவியல் அறிஞர். 'என்னால் முடியும்' என்ற உழைப்பு உணர்வு ஒரு பக்கம். 'எனக்கு எதுவும் வராது' என்ற தாழ்வு உணர்வு மறுபக்கம். எந்தப் பக்கம் வெல்லும் என்பது பெரும்பாலும் நம் நாக்கில் இருக்கிறது. "பெரியப்பா மகனைப் பார், நீயும் இருக்கிறாயே!" என்று நாம் எறிகிற சொல்லை நாம் மறந்துவிடுவோம், பிள்ளை மறக்காது.

தறியும் கடையும்

நம் மாவட்டத்துப் பட்டு உலகப் புகழ் பெற்றது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். நெடுங்காலம் அந்த ஆள் பள்ளிக்கூட வயதுப் பிள்ளையாகவே இருந்தது. 1990களில் இது வெளியே பெரிதாகப் பேசப்பட்டது. தறியிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடத்த வேண்டி வந்தது. அந்தத் தறிக்காரர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்களா? இல்லை. "பிள்ளை தொழில் கற்றுக்கொள்கிறது" என்றுதான் அவர்களும் சொன்னார்கள். கல்லாவில் மகனை உட்கார வைத்துவிட்டு நாமும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறோம்!

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை கல்வி பிள்ளையின் உரிமை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தப்படி 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத வேலைக்கு மட்டும், பள்ளி நேரம் போக, விடுமுறையில் உதவலாம். உதவி வேறு, உத்தியோகம் வேறு. அடுத்த வீட்டு ஏழைப் பையனைக் கடைக்கு வைத்துக்கொண்டு, "நம்ம பையன் மாதிரிதான்" என்று சொன்னால் அது சட்டத்திலும் நிற்காது, மனச்சாட்சியிலும் நிற்காது.

பருவம் வரும் காலம்

பெண் பிள்ளைகளுக்குப் பூப்பு மாற்றங்கள் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள் தொடங்குகின்றன; ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14க்குள். அதனால்தான் ஏழாம் வகுப்பில் பெண்கள் உயரமாகவும் பையன்கள் குள்ளமாகவும் நிற்கிறார்கள். ஒரு வருடம் முன்னே பின்னே ஆவதில் பயப்பட ஒன்றுமில்லை. அந்த எல்லைக்கு மிகவும் முந்தினாலோ பிந்தினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகன் குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, இரவில் ஏற்படும் மாற்றங்கள் அவனைக் கலங்கடிக்கின்றன. அவனிடம் யார் பேசுவது? அத்தா பேச மாட்டார். செல்போன் பேசும், தெருமுனைக் கூட்டாளி பேசுவான். அவர்களுக்கு முன்னால் நீங்கள் பேசுங்கள். மகளிடம் அம்மா முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். முதல் உதிரத்தைக் கண்டு, தனக்கு ஏதோ நோய் என்று ஒரு சிறுமி நடுங்குவது நம் அலட்சியத்தின் பலன்.

இந்த வயதில் உடல் இரும்புச் சத்தைக் கேட்கிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை இருந்தது தெரிந்தது. பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால், "வேண்டாம், சூடு" என்று தடுக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு போடட்டும், தேநீரோடு வேண்டாம். வீட்டில் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் ஆட்டு ஈரலும் ஆண் பிள்ளைக்கு மட்டும் என்று பங்கு பிரிக்காதீர்கள்.

பெண் பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்துகிற வழக்கம் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. பூப்பு என்பது உடல் வளர்ச்சியில் ஒரு படி. மனம் அதோடு வளர்ந்து முடிந்துவிடுவதில்லை. 18 வயதுக்கு முன் மணம் முடிப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். பதினைந்து வயது உடம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்போது அதற்குள் இன்னொரு உயிரைச் சுமக்கச் சொல்வது தாய், சேய் இருவருக்கும் ஆபத்து.

பதினான்கு முதல் பதினெட்டு வரை

இளைஞர்களே, இது உங்கள் பகுதி. ஏறத்தாழ 11, 12 வயதில் தொடங்கி, கண்ணுக்குத் தெரியாததைப் பற்றியும் மனம் சிந்திக்கத் தொடங்குகிறது. அல்ஜீப்ராவின் எக்ஸ் புரிவது அப்போதுதான். "ஏன் இப்படி? இது நியாயமா?" என்று அத்தாவை எதிர்த்துக் கேட்பதும் அப்போதுதான். அதைத் திமிர் என்கிறோம். உண்மையில் அறிவு அடுத்த படியில் கால் வைக்கும் ஓசை அது.

நாம் எந்த நேரத்தில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து இழுக்கிறோம் பாருங்கள். கடைக் கணக்கு, அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கு. நிறுவையும் சில்லறையும் பத்து வயதிலேயே வந்துவிடும். அடுத்த கணக்கைக் கற்கக் கூடிய வயதில், பழைய கணக்கையே நாற்பது ஆண்டு போடச் சொல்கிறோம். என்னைப் புலி என்றார்களே, அந்தப் புலி ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய மாதாமாதம் இன்னொருவர் வாசலில் நிற்கிறது!

இன்னொன்று. ஆசையையும் ஆவேசத்தையும் தூண்டும் மூளைப் பகுதி இந்த வயதில் வேகமாக விழித்துக்கொள்கிறது. பின்விளைவை எண்ணிப் பார்க்கும் முன்மூளைப் பகுதி முதிர 25 வயது வரை ஆகிறது. வண்டியில் வேகம் இருக்கிறது, பிரேக் இன்னும் முழுதாகப் பொருத்தப்படவில்லை. அமெரிக்காவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்தார்கள். தனியாக ஆடும்போது இருந்ததைவிட, கூட்டாளிகள் பக்கத்தில் நின்றபோது விடலைகள் இரண்டு மடங்கு ஆபத்தை விலைக்கு வாங்கினார்கள். வளர்ந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

இதை அறிந்த பிறகும் பதினைந்து வயது மகனிடம் பைக் சாவியைக் கொடுத்து, "செங்கல்பட்டு ரோட்டில் ஒரு டெலிவரி, சீக்கிரம் வா" என்று அனுப்பலாமா? 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வண்டிப் பதிவு ரத்து. போன உயிருக்கு எந்தச் சட்டத்திலும் ஈடு இல்லை.

'நான் யார்?' என்று தேடும் வயது இது என்றார் எரிக்சன். தேடுகிற பிள்ளையை யார் அழைத்தாலும் போவான். விளையாட்டுத் திடல் அழைக்கட்டும், நூலகம் அழைக்கட்டும், நீங்கள் அழையுங்கள். இல்லாவிட்டால் கூல் லிப் பாக்கெட்டும் மது பாட்டிலும் அழைக்கும்.

என்ன செய்யப் போகிறோம்?

மூன்று வேலைகள் சொல்கிறேன். வணிகப் பெருமக்களே, உங்கள் கடையில் பள்ளி வயதுப் பிள்ளை நின்றால் நாளைக் காலையே பள்ளிக்கு அனுப்புங்கள். அந்தக் குடும்பம் வறுமையில் இருந்தால் சம்பளத்துக்குப் பதில் உதவி செய்யுங்கள். இளைஞர்களே, ஒவ்வொரு தெருவிலும் பத்தாம் வகுப்பு முடித்த ஆண், பெண் பிள்ளைகளின் பட்டியல் எடுங்கள். பதினோராம் வகுப்பில் சேராதவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு 2022இல் புதுமைப்பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் என்று தொடங்கப்பட்டன. இதுபோல் என்னென்ன உதவி கிடைக்கும் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு அந்த வீட்டாருக்குச் சொல்லுங்கள். பெற்றோர்களே, ஒரு நாளில் அரை மணி நேரம் கடையை மறந்து, செல்போனை வைத்துவிட்டுப் பிள்ளை பேசுவதைக் கேளுங்கள். அறிவுரை வேண்டாம், கேட்டால் போதும்.

என் மகன் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான். போன மாதம் கடைக்கு வந்து, "அத்தா, நான் உட்காரட்டுமா? நீங்க ஓய்வெடுங்க" என்றான். ஒரு நொடி என் மனசும் ஆசைப்பட்டது. மறைக்க மாட்டேன். பிறகு சொன்னேன்: "இந்த நாற்காலி எங்கேயும் போகாது. நீ படித்துவிட்டு வா. அப்போதும் வேண்டுமென்றால் உட்கார்."

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படிக் கேட்கும். என்ன பதில் சொல்வீர்கள் என்பதை இன்றைக்கே முடிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.