அலை விலையும் இசை நிலையும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகினால் இசை வருகின்றது. இனிதாயின் கேட்கின்றனர், இன்னாதாயின் வேறிடம் திருப்புகின்றனர். அவ்விசை எவர் பொருளால் வருகின்றது, எவர்க்குரிய வெளி வழியாக வருகின்றது, நாளையும் அது வருமா என்று கேட்பார் மிகச் சிலரே. அவ்வாறு கேட்டு, ஒன்றுகூடி, வழக்குமன்றப் படியேறி, ஒருமுறை வென்றும் ஒருமுறை தோற்றும் பட்டறிந்த மக்கள் நியூயார்க்கு நகரில் வாழ்ந்தனர். அந்நகரில் விளம்பர வருவாயையே உணவாகக் கொண்டு, மேலைச் செவ்விசையை நாள்முழுதும் வழங்கிய வானொலி நிலையங்களின் பிறப்பும் வாழ்வும் முடிவுமே இப்பொழிவின் பொருள்.

முதற்கண் சட்டத்தின் நிலையை அறிந்துகொள்ளுதல் வேண்டும். அமெரிக்க ஒன்றிய நாட்டில் வான்வெளி எவர்க்கும் தனியுடைமை அன்று. 1927ஆம் ஆண்டின் வானொலிச் சட்டமும், அதன்பின் வந்த 1934ஆம் ஆண்டின் செய்தித்தொடர்புச் சட்டமும் அதனை ஐயத்திற்கு இடமின்றிக் கூறின. நிலையம் நடத்துவோர்க்குக் கிடைப்பது குறித்த காலத்திற்கான உரிமமே. அதுவும் பொதுமக்களின் நலனுக்கும் ஏந்துக்கும் தேவைக்கும் பயன்படுமாயின் மட்டுமே. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை ஒருவனிடம் ஒப்படைத்து, 'ஊர் மாடுகள் மேய வழிசெய்' என்று சொல்வது போன்றதே அவ்வுரிமம். அந்நிலத்தை அவன் தன் வீட்டு மனைபோல் விலைபேசத் தொடங்கினால் என்ன ஆகும்? அதனை மனத்திற் கொண்டு மேலே கேளுங்கள்.

1930களில் செவ்விசை வானொலியில் அறவே இல்லாமல் இல்லை. நியூயார்க்குப் பெரும்பல்லியக் குழுவின் இசை 1930 முதல் ஞாயிறுதோறும் வந்தது. மெட்ரோபாலிட்டன் அரங்கின் இசைநாடகங்கள் 1931 முதல் வந்தன. 1937இல் ஒரு பெரிய வானொலி நிறுவனம் தாசுக்கனினியை அழைத்துத் தனக்கெனவே ஒரு பல்லியக் குழுவை அமைத்தது. நகராட்சிக்குச் சொந்தமான டபிள்யூ.என்.ஒய்.சி. என்னும் நிலையம் 1924 முதலே இயங்கியது. ஆயின் அது விளம்பரம் பெறாத நிலையம். வணிக நிலையங்களில் கிழமைக்கு ஒருமுறை விருந்து, மற்றப் பொழுதெல்லாம் வழலைக்கட்டி விளம்பரம் என்பதே கேட்போர் நிலை.

நாள்தோறும் செவ்விசை என்னும் எண்ணம் இசைவாணர் எவரிடமிருந்தும் வரவில்லை. சான் ஓகன் என்னும் பொறியாளரிடமிருந்து வந்தது. பல குமிழ்களைத் திருகித் திருகி நிலையம் பிடித்த காலத்தில், ஒரே குமிழால் பிடிக்கும் முறையை வகுத்தவர் அவர். படங்களை வான்வழி அனுப்பும் ஆய்வுக்கென அவர் ஓர் உரிமம் பெற்றிருந்தார். டபிள்யூ 2 எக்சு.ஆர். என்பது அதன் அழைப்பெழுத்து. படத்தோடு ஒலியும் வேண்டுமே என்று தம்மிடமிருந்த இசைத்தட்டுகளை ஓட்டினார். படம் பார்த்தார் மிகச் சிலர். இசை பலர் காதில் விழுந்தது. கேட்டவர்கள் மடல் எழுதலாயினர். பொறியாளர் படத்தை விட்டு இசையைப் பற்றிக்கொண்டார்.

1934இல் 1550 என்னும் அலையெண்ணில் 250 வாட்டு ஆற்றலோடு அந்நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. வழக்கமான நிலையங்களுக்கு ஒதுக்கப்பட்ட அலையகலத்தைப் போல் இருமடங்கு அகலம் அவ்விடத்தில் கிடைத்தது. ஆதலால் நரம்புக் கருவியின் நுண்ணொலியும் குழலின் உச்ச ஒலியும் சிதையாமல் சென்றன. இடர்ப்பாடும் இருந்தது. அந்நாளைய பெட்டிகள் பலவற்றின் எண்தட்டு 1500 அளவிலேயே முடிந்துவிட்டது! இசை வந்தது, பிடிக்கத்தான் பெட்டி இல்லை. இருந்தும் ஓகன் தளரவில்லை. 1936இல் எலியட்டு சாங்கர் என்பவர் துணைவராய் வந்து சேர்ந்தார். அவ்வாண்டு திசம்பர் 3ஆம் நாள் அது வணிக நிலையமாகி, டபிள்யூ.கியூ.எக்சு.ஆர். என்று பெயர் பூண்டது. ஆங்கிலக் கையெழுத்தில் 2 என்னும் எண் கியூ என்னும் எழுத்தை ஒத்திருத்தலால், பழைய பெயரின் சாயல் கெடாமல் இவ்வெழுத்தைத் தேர்ந்தனர்.

அக்காலத்தில் அவ்வாறு ஒரு நிலையத்தை நடத்துவது எளிய வேலை அன்று. இசைத்தட்டின் ஒரு முகம் நான்கு அல்லது ஐந்து மணித்துளியே ஓடும். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி அரைமணி நேர அளவினது. அதனை ஒலிபரப்ப ஏழெட்டு முகங்களை அடுத்தடுத்து மாற்றுதல் வேண்டும். ஒரு தட்டு முடியும் நொடியில் மற்றொரு சுழல்மேடையில் அடுத்த தட்டைக் கேட்போர் உணராவண்ணம் தொடுத்தல் வேண்டும். 1948இல் நெடுநேரம் ஓடும் இசைத்தட்டு வரும்வரை இப்பாடுதான். விளம்பரத்திலும் அவர்கள் ஓர் ஒழுங்கு வைத்திருந்தனர். கூவிக் கூவி விற்பதும் பாட்டுக் கட்டி விற்பதும் கூடாவென மறுத்தனர். வணிகன் ஒருவன் வரும் பணத்தை வாயிலிலேயே நிறுத்தி, 'நின் குரலைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே வா' என்று சொன்னது வியப்பன்றோ? இது வெறும் பெருந்தன்மை என்று கருதிவிடவும் வேண்டா. கேட்போர் அமைதியை விரும்புவோர். அவர்களை இழந்தால் விளம்பரம் தருவோரையும் இழக்க நேரும். கலைப்பற்றும் வணிக அறிவும் ஒரே திசையில் நடந்த காலம் அது.

1944இல் நியூயார்க்கு டைம்சு நாளிதழ் அந்நிலையத்தை விலைக்கு வாங்கியது. இதழைப் படிப்போரும் இந்நிலையத்தைக் கேட்போரும் பெரும்பாலும் ஒரே கூட்டத்தினர். ஆதலால் அப்பொருத்தம் நெடுங்காலம் நிலைத்தது. நால்வர் நரம்பிசைக் குழு ஒன்று நிலையத்தின் பெயரையே தாங்கி இசைத்தது. 1952இல் ஒரு செவிக்குரிய ஒலியை நடு அலையிலும் மறு செவிக்குரிய ஒலியைப் பண்பலையிலும் ஒரே நேரத்தில் அனுப்பிக் காட்டினர். இரண்டு பெட்டிகளை அறையின் இருபுறமும் வைத்துக் கேட்டவர்க்கு அரங்கில் அமர்ந்தது போன்ற உணர்வு கிட்டியது.

இனித்தான் சிக்கல் தொடங்குகின்றது. பண்பலை என்பது ஒலித்தூய்மை மிக்க முறை. அந்நிலையம் 1939 முதலே அதில் ஆய்வு ஒலிபரப்பு நடத்தியது. ஆனால் நெடுங்காலம் பண்பலைப் பெட்டி வைத்திருந்தோர் சிலரே; ஆதலால் பண்பலை உரிமத்திற்கு மதிப்பும் இல்லை. எவர்க்கும் வேண்டாத மேட்டு நிலத்தில் ஏழை குடிசை போடுவதுபோல், செவ்விசை அங்கே குடியேறியது. இளைஞர் பலரும் பண்பலைக்கு வந்தனர். 1970களின் முடிவில் நடு அலையைவிடப் பண்பலையைக் கேட்போரே மிகுந்தனர். மேட்டு நிலத்தின் அருகே பெருஞ்சாலை வந்துவிட்டது! மனை விலை ஏறியது. குடிசைக்குள் என்ன நடக்கின்றது என்று எவரும் பார்க்கவில்லை. குடிசை நிற்கும் இடத்தையே பார்த்தனர்.

நியூயார்க்கில் இதற்கு முதல் இரை, 104.3 என்னும் பண்பலை அலையெண்ணில் இயங்கிய டபிள்யூ.என்.சி.என். என்னும் மற்றொரு செவ்விசை நிலையம். 1974 நவம்பரில் அதன் உரிமையாளர் செவ்விசையை ஒரே நாளில் நிறுத்தி, 'இராக்கு' எனப்படும் துள்ளிசைக்கு மாற்றினர். துள்ளிசை தாழ்ந்தது என்பது இங்குப் பேச்சன்று. அதனைக் கேட்க நகரில் வேறு நிலையங்கள் பல இருந்தன என்பதே பேச்சு. கேட்போர் கழகம் ஒன்று தோன்றியது. அது மன்றாடவில்லை, வழக்காடியது. ஓராண்டு முடியுமுன் வேறொரு பெருநிறுவனம் நிலையத்தை ஏற்க, 1975 ஆகத்தில் செவ்விசை அதே அலையெண்ணில் மீண்டும் ஒலித்தது. கேட்கும் மக்கள் ஒரு நிலையத்தை மீட்ட அருஞ்செயல் அது.

அவர்களுக்குத் துணைநின்ற சட்டக் கருத்து சிக்காகோ நகரில் பிறந்தது. அங்கு வானொலிப் பெட்டி செய்யும் செனித்து நிறுவனம் நடத்திவந்த டபிள்யூ.இ.எப்.எம். என்னும் செவ்விசை நிலையத்தை 1972இல் விற்க முனைந்தது. வாங்குவோர் இசை வகையை மாற்றவிருந்தனர். மக்கள் எதிர்த்தனர். வாசிங்டனில் உள்ள மேன்முறையீட்டு மன்றம் 1974இல், ஒரு நகரில் அருகிப்போன இசை வகை ஒன்று முற்றும் மறையவிருக்கும்பொழுது, செய்தித்தொடர்பு ஆணையம் மக்களின் முறையீட்டை உசாவாமல் உரிமத்தைக் கைமாற்றலாகாது என்று தீர்ப்பளித்தது. ஆணையமோ அதனை ஏற்கவில்லை. எந்த இசை வேண்டும் என்பதைச் சந்தையே முடிவுசெய்துகொள்ளும் என்று 1976இல் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. நியூயார்க்குக் கேட்போர் கழகம் அதனையும் எதிர்த்து வழக்காடி, 1979இல் மேன்முறையீட்டு மன்றத்தில் வென்றது.

வழக்கு உச்ச நயன்மன்றம் சென்றது. 1981 மார்ச்சு 24ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நடுவர் எழுவர் ஆணையத்தின் பக்கம். இருவர் மக்கள் பக்கம். இசை வகையைச் சந்தைக்கு விட்டுவிடும் ஆணையத்தின் கொள்கை சட்டத்திற்கு முரணன்று என்பது பெரும்பான்மையர் முடிவு. நடுவர் தர்குட்டு மார்சல் மாறுபட்டு எழுதினார், பிரெனன் உடன்பட்டார். சந்தை தவறும் இடமும் உண்டு. அவ்விடத்தில் மக்களின் குறையைக் கேட்க ஒரு சிறு வாயிலேனும் திறந்திருத்தல் வேண்டும். ஆணையமோ அதனையும் அடைத்துவிட்டது என்பது அவர் கருத்தின் சாரம்.

அன்பர்களே, அவ்விருவர் கருத்தே நயனுடையது என்பதற்குச் சந்தையின் இயல்பே சான்று. வானொலிச் சந்தையில் வாங்குபவர் யார்? கேட்பவர் அல்லர். கேட்பவர் ஒரு காசும் தருவதில்லை. வாங்குபவர் விளம்பரம் தரும் வணிகர். விற்கப்படும் சரக்கு, கேட்பவரின் செவி! இளஞ்செவிக்கு ஒரு விலை, முதுசெவிக்கு ஒரு விலை. செவ்விசையைக் கேட்போர் பெரும்பாலும் அகவை முதிர்ந்தோர். ஆதலால் அவர்கள் சரக்கில் மட்டம். ஒரு பொருளின்மேல் ஒருவன் வைத்திருக்கும் பற்று எவ்வளவு ஆழமானது என்பதை அளக்க அச்சந்தையில் தராசே கிடையாது. ஒரு நாளில் நான்கு மணிநேரம் ஒன்றிக் கேட்பவனும், பல்துலக்கும்பொழுது பெட்டியை முடுக்கிவைப்பவனும் அங்கே ஒரு தலை, ஒரு கணக்கு. 'சந்தை முடிவுசெய்யட்டும்' என்பது, மேய்ச்சல் நிலத்தில் எந்த மாடு மேயலாம் என்பதைக் கசாப்புக் கடைக்காரன் முடிவுசெய்யட்டும் என்பதாகும்.

தீர்ப்பின் விளைவு உடனே வரவில்லை. 1993 திசம்பரில் வந்தது. மக்கள் மீட்ட அதே 104.3 நிலையம் மீண்டும் துள்ளிசை நிலையமாயிற்று. இம்முறை மன்றத்தின் கதவு அடைபட்டிருந்தது. முந்திய ஆண்டின் முடிவிலேயே டைம்சு நிலையத்தின் நடு அலைப் பிரிவும் செவ்விசையைக் கைவிட்டிருந்தது. 1996இல் வந்த புதிய சட்டம், ஒரே நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை வானொலி நிலையங்களையும் வைத்திருக்கலாம் என்று வரம்பை நீக்கிற்று. பெருநிறுவனங்கள் போட்டியிட்டு வாங்க, உரிமங்களின் விலை மேலும் ஏறியது. 96.3 என்னும் அலையெண்ணில் டைம்சு நிலையத்தின் பண்பலை ஒன்றே எஞ்சிநின்றது.

அதற்கும் 2009இல் முறை வந்தது. நாளிதழ்கள் விளம்பரத்தை இழந்து கடனில் தவித்த காலம். டைம்சு நிறுவனம் ஓர் உடன்பாடு செய்தது. அகன்ற வீச்சுடைய 96.3 அலையெண், 105.9 என்னும் சிறிய அலையெண்ணை வைத்திருந்த யூனிவிசன் என்னும் இசுப்பானிய மொழி நிறுவனத்திற்குச் சென்றது, அந்நிறுவனம் 105.9ஐயும் அதனோடு 3 கோடியே 35 இலக்கம் தாலரையும் தந்தது. அந்த 105.9ஐயும், டபிள்யூ.கியூ.எக்சு.ஆர். என்னும் பெயரையும் டபிள்யூ.என்.ஒய்.சி. நிலையத்தார் 1 கோடியே 15 இலக்கம் தாலருக்கு வாங்கினர். இசுப்பானிய மொழி பேசும் மக்கள் தம் மொழியில் கேட்க முழு உரிமை உடையர். அவர்களைக் குறைகூற ஒன்றுமில்லை. எண்ணிப் பார்க்கவேண்டியது அவ்விரு தொகைகளையே. எழுபத்திரண்டு ஆண்டுப் பெயரும் இசையும் சிறிய அலையும் சேர்ந்து பெற்ற விலையைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு, பெரிய அலைக்கும் சிறிய அலைக்கும் உள்ள வேறுபாடு மட்டும் பெற்றது!

வாங்கிய டபிள்யூ.என்.ஒய்.சி. எது? 1924இல் நகராட்சி தொடங்கிய அதே நிலையம். 1990களில் நகராட்சி அதனைக் கைவிட, ஓர் அறக்கட்டளை ஏற்றுக் கேட்போர் நன்கொடையால் நடத்திவந்தது. ஆக, விளம்பரத்தால் வாழ்ந்த செவ்விசையை, இறுதியில் கேட்போரே தம் கைப்பொருள் ஈந்து எடுத்துக்கொண்டனர். 2009 அக்தோபர் 8ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு மாற்றம் நிகழ்ந்தது. 6000 வாட்டில் ஒலித்த நிலையம் 610 வாட்டுக்கு இறங்கியது. தொலைப் புறநகர்களில் ஒலி மங்கியது. சில இடங்களில் கேட்கவே இல்லை. நான்கு ஆண்டு கழித்து, 2013இல், நகரின் வடக்கே ஆசினிங்கு என்னும் ஊரில் இருந்த சிறு நிலையம் ஒன்றை அவர்கள் வாங்கி, 90.3 என்னும் அலையெண்ணில் அப்பக்கத்து வீடுகளுக்கு இசையை மீண்டும் அனுப்பத் தொடங்கினர்.