இரண்டு அங்குலக் கறுப்புப் பட்டை

கணக்கு வகுப்பில் இருந்த மேரி பெத் டிங்கரைப் பள்ளி அலுவலகத்துக்கு அழைத்தார்கள். அவளுக்கு வயது 13. நாள் 1965 டிசம்பர் 16. இடம் அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகரான டி மொயின். கையில் கட்டியிருந்த கறுப்புப் பட்டையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றிக் கொடுத்துவிட்டாள். அதன் பிறகும் அவளை இடைநீக்கம் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வியட்நாமில் மடிந்தவர்களுக்குத் துக்கம், கிறிஸ்துமஸ் போர்நிறுத்தம் நீள வேண்டும் என்ற வேண்டுகோள். இரண்டு அங்குல அகலத் துணி சொன்னது இவ்வளவுதான். பிள்ளைகளின் திட்டம் காதுக்கு எட்டியதும், இரண்டு நாள் முன்னதாகவே தலைமையாசிரியர்கள் கூடித் தடை விதித்திருந்தார்கள். நகரப் பள்ளிகளில் படித்தவர்கள் 18,000 பேர். இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் ஐந்தே பேர். மேரி பெத்தின் அண்ணன் ஜானும், 16 வயது கிறிஸ்டோபர் எக்கார்டும் அவர்களில் உண்டு.

அதே பள்ளிகளில் தேர்தல் பேட்ஜ் குத்திக்கொண்டு வந்த மாணவர்கள் இருந்தார்கள். நாஜிகளை நினைவூட்டும் இரும்புச் சிலுவையை அணிந்து வந்தவர்கள்கூட இருந்தார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. ஆகவே, தடை விழுந்தது துணியின் மேல் அல்ல, ஒரு கருத்தின் மேல். பின்னர் இது நீதிமன்றம் போனபோது, வழக்கின் உயிர்நாடி இதுதான்.

வகுப்பறை அமைதி கெட்டுவிடும் என்பது பள்ளி நிர்வாகத்தின் வாதம். அமைதி பெரிதாகக் கெட்டது பள்ளிக்கு வெளியே. டிங்கர் வீட்டின் மேல் சிவப்புச் சாயம் வீசப்பட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் குண்டு மிரட்டல் வந்தது. சிறுமியைக் கொன்றுவிடுவதாகவே ஒரு பெண் தொலைபேசியில் சொன்னார்.

மாவட்ட நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. உச்ச நீதிமன்றம் 1969 பிப்ரவரி 24 அன்று 7-2 என்ற கணக்கில் அதைப் புரட்டிப்போட்டது. பள்ளி வாசலைத் தாண்டியதும் பேச்சுரிமை உதிர்ந்துவிடாது என்று எழுதினார் நீதிபதி ஏப் ஃபோர்ட்டஸ். குழப்பம் வரலாம் என்ற வெறும் அச்சம் போதாது. பள்ளியின் பணிக்குக் கணிசமான இடையூறு நேரும் என்று கருத நிர்வாகம் தக்க காரணம் காட்ட வேண்டும்.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மிசிசிப்பியின் ஃபிலடெல்ஃபியா என்ற சிற்றூருக்கு அருகே, 1964 கோடையில் குடிமையுரிமைத் தொண்டர்கள் மூவர் கொல்லப்பட்டார்கள். சில மாதங்களிலேயே அதே ஊரின் கறுப்பின மாணவர்கள் ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ என்ற பேட்ஜுடன் பள்ளிக்கு வந்து தண்டிக்கப்பட்டார்கள். 1966-ல் அவர்கள் வென்ற வழக்கிலிருந்தே ஃபோர்ட்டஸ் இந்த அளவுகோலை எடுத்தார். அயோவாவின் வெள்ளையினப் பிள்ளைகளுக்குக் கிடைத்த நீதிக்கு அஸ்திவாரம் போட்டவர்கள் அந்த மாணவர்கள்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய இருவரில் ஒருவர் ஹ்யூகோ பிளாக். வாழ்நாளெல்லாம் பேச்சுரிமைக்காக வாதாடிய நீதிபதி அவர்! மேரி பெத்துடன் நடந்த விவாதத்தில் கணக்கு ஆசிரியரின் பாடவேளையே குலைந்துபோனதை அவர் சுட்டிக்காட்டினார். பிள்ளைகள் கற்க வருகிறார்கள், கற்பிக்க அல்ல என்பது அவர் கட்சி. அந்தக் கவலையை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் ஒரு வகுப்பு வியட்நாமைப் பற்றி விவாதித்ததை இழப்பாக மட்டும் எப்படிப் பார்ப்பது? அந்தப் பள்ளிகளில் ஒன்றில் படித்த இளைஞன் ஒருவன் அந்தப் போரில்தான் உயிரிழந்திருந்தான்.

பின்னாளில் உச்ச நீதிமன்றமே இந்த உரிமையைச் சுருக்கியது: 1986-ல் ஆபாசப் பேச்சு, 1988-ல் மாணவர் இதழ், 2007-ல் போதைப்பொருள் பற்றிய பதாகை. ஆயினும் 2003-ல் ஈராக் போர் நெருங்கிய வேளையில், மிச்சிகனின் டியர்பார்னில் அதிபர் புஷ்ஷைப் பயங்கரவாதி என்று சாடும் டி-ஷர்ட்டை அணிந்து வந்த மாணவனுக்குக் கைகொடுத்தது டி மொயின் தீர்ப்புதான்.

தீர்ப்புக்காக டிங்கர் பிள்ளைகள் மூன்றாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். ஆனால் பள்ளிக்குத் திரும்ப அவ்வளவு காலம் ஆகவில்லை. 1966 புத்தாண்டு முடிந்ததும் பட்டை இல்லாமல் போனார்கள். அந்தக் கல்வியாண்டு முடியும்வரை கறுப்பு உடையே உடுத்தினார்கள். அதற்கு எந்த விதியிலும் தடை இல்லை.