குரல் எழுத்தாகும் வழி



கடிதம் எழுதுவது அரியதொரு வித்தை அன்று. ஆயினும், பார்வை மங்கிய ஒருவர் கடிதம் எழுத விரும்பினால், முதலில் எழுதித் தரும் ஒருவரைத் தேட வேண்டியவராகிறார். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ வாழும் ஒரு முதிய தாய், தம் காணியைப் பற்றியும், காணாமற்போன தம் மகனைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சில் உள்ளதையெல்லாம் அயலவரிடம் அவர் சொல்லிவிட முடியுமா? சொன்னாலும், எழுதுகிறவர் தமக்கு வேண்டியதென்று தோன்றியதை மட்டும் எழுதிவிடுகிறார். கையொப்பம் தாயுடையது; வாசகம் பிறருடையது.

குறைபார்வை என்பது முழுக் குருடு அன்று. நல்ல பார்வையுடையவர் பதினெட்டு மீற்றர் தூரத்திலிருந்து காண்பதை, கண்ணாடி அணிந்த பின்னரும் ஆறு மீற்றர் தூரத்தில் நின்றும் காண இயலாதவரை இவ்வகையிற் சேர்க்கின்றனர். 2009இல் முடிவுற்ற போரிலே கண்ணிற் காயமுற்றோர் வன்னியில் உளர். நீரிழிவும் கண் அழுத்த நோயும் பார்வையைப் பறிக்கின்றன. கண்புரையோ சத்திரசிகிச்சையால் நீங்கக்கூடியது. ஆதலால் முதலில் கண் வைத்தியரைக் காண்பதே முறை.

கண்ணின்றி நூல் செய்தோர் முன்னரும் இருந்தனர். பதினேழாம் நூற்றாண்டிலே அந்தகக்கவி வீரராகவ முதலியார் தமிழ்க்கவி பாடினார். ஆங்கிலப் புலவர் மில்டன் 1652இல் பார்வையை முற்றாக இழந்தார். பிறர் எழுதச் சொல்லிச் சொல்லியே ஆக்கிய அவரது பெருங்காப்பியம் 1667இல் வெளிவந்தது. சொல்வதை எழுத அவருக்கு ஆட்கள் வாய்த்தனர். அவ்வாறு வாய்க்காதவருக்கு இன்று ஒரு கருவி வந்திருக்கிறது.

1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் செய்த இயந்திரம், பேசப்பட்ட பத்து இலக்கங்களை மட்டுமே அறிந்தது. 1962இல் ஐ.பி.எம். நிறுவனம் காட்டிய கருவி பதினாறு சொற்களை அறிந்தது. 2017 ஆகஸ்டிலே கூகிள் நிறுவனம் குரலால் எழுதும் வசதியைத் தமிழுக்கும் வழங்கியது. கைத்தொலைபேசியின் விசைப்பலகையில் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுப் பேசினால், பேச்சு எழுத்தாகத் திரையில் வருகிறது. மொழித் தெரிவிலே இலங்கைத் தமிழ் என்ற பிரிவு இருப்பின் அதனையே தெரிந்துகொள்க.

இயந்திரம் ஒலியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, எச்சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் என்று கணித்தே எழுதுகிறது. ஆகவே, சொல் சொல்லாக நிறுத்தாமல் முழு வாக்கியமாகச் சொல்வது நன்று. 'மழை பெய்தது' என்றால், 'மலை'யை அது தவிர்க்கும். 'மழை' என்று மட்டும் சொன்னால் மயங்கக்கூடும். 'வந்தனான்', 'சொல்லுறன்' என்னும் நம் பேச்சுமொழி அதற்குப் பலவேளை பிடிபடுவதில்லை. 'வந்தேன்', 'சொல்கிறேன்' என்று எழுத்துத் தமிழிற் சொன்னால் பிழை குறையும். முறிகண்டி, ஒட்டுசுட்டான் முதலிய ஊர்ப்பெயர்களை எழுதியபின் தவறாது சரிபார்க்க வேண்டும்.

எவ்வாறு சரிபார்ப்பது? திரையிலுள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருள்களும் உண்டு. கணினிக்கு என்.வி.டி.ஏ. என்பது இலவசமாகக் கிடைக்கிறது. ஆயினும், றகர ரகர, னகர ணகர வேறுபாடுகளைச் செவி எளிதிற் பிரித்தறியாது. ஐயமுள்ள சொல்லை எழுத்தெழுத்தாக வாசிக்கச் செய்து கேட்பதே வழி. சிறிது பார்வை எஞ்சியோர் எழுத்தைப் பெருப்பித்தும் பார்க்கலாம். அடையாள அட்டை இலக்கத்தையும் தேதியையும் இருமுறை கேட்பது நன்று.

இரு எச்சரிக்கைகள் உள. பெரும்பாலும் இக்கருவிக்கு இணையத் தொடர்பு வேண்டும். அலைவரிசை நலிந்த ஊர்களில் அது தடுமாறும். மேலும், நம் குரல் தொலைவிலுள்ள கணினிகளுக்குச் சென்று திரும்புவதும் உண்டு. ஆதலால் வங்கியின் இரகசிய இலக்கம் போன்றவற்றைக் குரலாற் சொல்லலாகாது.

இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். அயல்வீட்டு முதியவருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது நல்ல உபகாரம். அவரே எழுதிக்கொள்ளும்படி இரண்டு மாலைப்பொழுதுகள் அருகிருந்து பழக்குவது அதனினும் பெரிய உபகாரம். முதற் கடிதத்திற் பிழைகள் இருக்கலாம். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அவர் சொன்ன சொல்லாக இருக்கும்.