ஒரு பாலமும் இரு பெயர்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் வாலிபர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



நமது ஓடையின்மேல் பாலம் எழுந்துவிட்டது. அடைமழைக் காலத்திலே பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் லயத்திலேயே நிறுத்திவைத்த காலம் ஒழிந்தது. நோயாளியைக் கம்பளியிலே கட்டித் தோளில் சுமந்து, வெள்ளம் வடியும்வரை கரையிலே காத்து நின்ற காலமும் ஒழிந்தது. இனி அப்பாலத்திற்கு ஒரு பெயர் வேண்டும். அது எளிய காரியம் என்றுதான் நாங்களும் எண்ணினோம். ஆனால் சென்ற கூட்டத்திலே எழுந்த வாக்குவாதத்தை யாவரும் அறிவீர்கள். ஆகையால் எங்கள் கருத்தைப் பணிவோடு இச்சபைமுன் வைக்கின்றோம்.

நம் முன்னோருள் சிலர் புறப்பட்டு வந்த சீமை திருநெல்வேலி. அங்கே தாமிரபரணியின் ஒரு கரையிலே திருநெல்வேலி, மறுகரையிலே பாளையங்கோட்டை. பாலம் இல்லாத நாளிலே படகே கதி. 1840ஆம் ஆண்டளவில் கலெக்டராயிருந்த தாம்சன் துரை பாலம் கட்ட எண்ணியபோது, ஏறத்தாழ 50,000 ரூபாய் தேவைப்பட்டது. கலெக்டர் கச்சேரியிலே சிரஸ்தாராயிருந்த சுலோசன முதலியார், ஊராரை வருத்திப் பணம் திரட்ட மனமில்லாமல், தம் சொந்தப் பொருளை எடுத்துக் கொடுத்தார். மனைவியாரின் நகைகளும் அதிலே சேர்ந்தன என்பர் அவ்வூரார். கப்டன் ஹார்ஸ்லி வகுத்த அமைப்பின்படி பதினொரு வளைவுகளோடு 1843இல் பாலம் திறக்கப்பட்டது. வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. ஆயினும் துரையின் பெயர் நிலைக்கவில்லை. சுலோசன முதலியார் பாலம் என்பதே இன்றளவும் வழங்குகிறது.

சென்னையிலே நடந்ததோ வேறு. ஹாமில்டன் என்பவர் பெயரால் அங்கே ஒரு பாலம் இருந்தது. அந்தப் பெயர் மக்கள் வாயிலே 'அம்பட்டன் வாராவதி' ஆயிற்று என்றும், அதைக் கேட்ட ஆங்கிலேயர் பொருளை மொழிபெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' ஆக்கினர் என்றும் சொல்வர். இப்பொழுது அதற்கு டாக்டர் அம்பேத்கர் பெயர். இது சிரிப்புக்குரிய கதை மாத்திரமன்று. இன்னார் நமக்கு இன்னது செய்தார் என்று ஊர் அறியாவிட்டால், கல்லிலே வெட்டிய பெயரும் நாவிலே நில்லாது.

நம் ஊவாவைப் பார்ப்போம். பதுளையிலே 1857இல் கட்டப்பெற்ற புனித மாற்கு ஆலயம், மேஜர் றொஜர்ஸ் துரையின் நினைவாக எழுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்றும் அவரைச் சொல்வர். 1845இல் இடிவிழுந்து மாண்டார். அவர் பெயர் கல்லிலே இருக்கிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, 1921இல் முடிந்த புகைவண்டிப் பாலத்தையோ, ஒன்பது வளைவுப் பாலம் என்கிறோம். அதைக் கட்டிமுடித்தவர் அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் என்பது மக்கள் வழக்கு. உலகெங்கிலுமிருந்து வந்து அதைப் படம் பிடிக்கிறார்கள். வளைவுகளை எண்ணினோம், கல் சுமந்த கைகளை யார் எண்ணினார்?

நிற்க. தோட்டங்களிலே பாலமும் பாதையும் ஏன் இத்தனை காலம் இல்லாமற் போயின? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலே 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை தன் நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. 2018இலேதான் அது திருத்தப்பட்டது. வாக்குக் கேட்க வருவோர் வருவர்; ஆனால் ஒரு மதகு கட்டவும் சட்டம் குறுக்கே நிற்கும். அத்தகைய இடத்திலே ஊருக்காக உழைத்தவர்கள் சாதாரண மனிதர்கள் அல்லர்.

நம் பாலத்திற்கு முன்மொழியப்பட்ட பெயர்கள் இரண்டு. ஒருவர் கடைவீதியிலே வியாபாரம் செய்பவர். சீமெந்தும் கம்பியும் கொடுத்தவர். மற்றவர் தோட்டத்திலே உழைத்து ஓய்ந்து மறைந்த பெரியவர். வெள்ளம் வரும் நாட்களிலே கயிறு கட்டி, கண்மணிகளை ஒவ்வொருவராகக் கைபிடித்து அக்கரை சேர்த்தவர். "கொடுத்தவர் பெயரே முறை" என்றனர் ஒரு சாரார். "பணம் இருப்பவர் பெயர்தானா எங்கும்?" என்றனர் எங்களுள் சிலர், சற்றுக் கடுமையாகவே. அந்தக் கடுமைக்காக இங்கே மன்னிப்புக் கேட்கிறோம்.

நாங்கள் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். அங்கே கொடையாளர் பெயரைச் சுவரிலே பதிப்பார்கள். வகுப்பிலோ, கொடுத்ததைக் கொட்டி முழக்கலாகாது என்று போதிப்பார்கள். இரண்டும் எங்களுக்கு வேண்டியவை என்றே இன்று தோன்றுகிறது. கொடுத்தவர் பெயரைக் கேட்கலாகாது, பெற்றவர் மறக்கலாகாது. அந்த வியாபாரியார் தம் பெயரை ஒருநாளும் கேட்டவரல்லர். இது பாராட்டத்தக்கது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது: இரு பெயரும் ஒரே கல்லிலே, ஒரே அளவு எழுத்திலே இருக்கட்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். ஏனெனில் அக்கரைச் சிங்களக் கிராமத்தாரும் சிரமதானத்திலே நம்மோடு மண் சுமந்தார்கள். இரவோடிரவாய்ப் பெயின்ற் பூசாமல், பிரதேச சபைக்கு முறைப்படி விண்ணப்பிப்போம். இரு குடும்பத்தாரும் சம்மதிக்கும்வரை அப்பெயர்கள் அச்சேறவும் வேண்டாம். ஆதலால் நாங்களும் அவற்றை இங்கே உரைத்தோமில்லை.

இன்னும் ஒன்று. பெயர் வைத்துவிட்டுப் பாலத்தைப் பாழாக விட்டால், அது அவ்விருவருக்கும் இழைக்கும் அவமானம். ஆண்டுதோறும் மழைக்குமுன் சருகு அள்ளி, மதகு துப்புரவாக்கி, கைப்பிடிக் கம்பிக்கு வர்ணம் பூசும் பொறுப்பை வாலிபர் பகுதி ஏற்றுக்கொள்ளுகிறது. இதைக் கூட்டக் குறிப்பிலே எழுதிக்கொள்ளுமாறு காரியதரிசி அவர்களை வேண்டுகிறோம். தவறினால் பெரியோர்கள் எங்களைக் கண்டிக்கலாம்.

நாளை ஒரு குழந்தை அந்தக் கல்லருகே நின்று, "யார் இவர்கள்?" என்று கேட்கும். பதில் சொல்ல நம்மில் ஒருவராவது அங்கே இருப்போமாக.