குற்றத்துக்கு வாரிசு உண்டா?

பண்ருட்டியில் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கச் சொன்னது பெருமை. என்னைவிட நிறையப் படம் பார்த்தவர்கள் முன்வரிசையில் இருப்பதால் கொஞ்சம் நடுக்கமும் இருக்கிறது. திரைப்படமும் வரலாற்று நினைவும் என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். அதை விரிவாகப் பேச அடுத்தடுத்த அமர்வுகள் காத்திருக்கின்றன. நினைவுக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த அவைக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரே ஒரு வாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். தமிழ்த் திரையில் கொலையுண்டவருக்கு வாரிசு இருக்கிறார். கொன்றவரின் வாரிசோ, வந்தாலும் ஒன்றும் அறியாதவராகவே வந்துபோகிறார்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஸ்டீபன் டால்ட்ரி இயக்கிய 'தி ரீடர்' (2008) படத்தை எடுத்துக்கொள்வோம். பெர்ன்ஹார்ட் ஷ்லிங்க் 1995இல் எழுதிய நாவலிலிருந்து வந்த படம். தான் காதலித்த ஹன்னா என்ற பெண் நாஜி முகாம் காவலராக இருந்தவள் என்பதைச் சட்ட மாணவன் மைக்கேல் நீதிமன்றத்தில்தான் அறிகிறான். தீப்பற்றிய தேவாலயத்தின் கதவைத் திறக்காமல் முந்நூறு பெண்களைச் சாகவிட்ட வழக்கு அது. ஹன்னாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதை மறைக்க, தான் எழுதாத அறிக்கையைத் தானே எழுதியதாக ஒப்புக்கொள்கிறாள். உண்மை தெரிந்த மைக்கேல் வாய் திறப்பதில்லை. எழுத்தறியாமையைக் காட்டிக் குற்றத்தின் கனத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று எழுத்தாளர் சிந்தியா ஓசிக் போன்றவர்கள் கண்டித்தது நியாயமே. ஆனால் நாவலில் இல்லாத ஒன்று படத்தின் முடிவில் உண்டு. மைக்கேல் தன் மகளை ஹன்னாவின் கல்லறைக்கு அழைத்துப்போய் நடந்ததைச் சொல்லத் தொடங்குகிறான். மௌனத்தை அடுத்த தலைமுறைக்குச் சொத்தாக விட்டுவிடக் கூடாது என்ற முடிவு அது.

நம்மிடமும் எரிந்த கட்டடம் ஒன்று உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர்களின் ஊரான கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் கருகினார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' நாவலும், அந்த நாவலைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் எடுத்த 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' (1983) படமும் நாம் அறிந்தவை. நாவலில் பண்ணையாரின் வன்மத்துக்கு அவருடைய ஆண்மைக்குறை வேராகக் காட்டப்படுகிறது. கூலிப் போராட்டத்தைத் தனிமனித ஊனமாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரி நண்பர்கள் அன்றே சொன்னார்கள். கலை நுட்பம் தெரியாதவர்களின் கூச்சல் அது என்று மறுதரப்பில் ஒதுக்கியவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம் நிற்க முடியவில்லை. ஹன்னாவின் எழுத்தறியாமை செய்யும் வேலையைத்தான் இந்த ஆண்மைக்குறையும் செய்கிறது. குறை அவரோடு போய்விடும். பிள்ளைக்கு எதுவும் மிஞ்சாது. இடதுசாரி நண்பர்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். வர்க்கம் என்று சொன்னவர்கள், அந்த வர்க்கத்தின் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவேயில்லை.

அண்மைக்காலப் படங்களிலும் இதே வெற்றிடம்தான். 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் ஒடுக்கப்பட்ட சாதி மாணவன் பரியனுக்குத் தன் குடும்பத்தார் செய்த கொடுமை அவனுடைய கல்லூரித் தோழி ஜோவுக்குத் தெரியாது. அடிபட்டவனே அதை அவளிடமிருந்து மறைத்துக் காப்பாற்றுகிறான். இந்தக் கடலூர் மாவட்டத்து முதனை ராஜாக்கண்ணுவின் 1993ஆம் ஆண்டு காவல் மரணத்திலிருந்து பிறந்த 'ஜெய் பீம்' (2021), பாதிக்கப்பட்டவரின் மகள் கால்மேல் கால் போட்டு நாளிதழ் படிப்பதோடு முடிகிறது. நல்ல காட்சி. ஆனால் அடித்த காவலரின் மகள் அதே நாளிதழைப் பிரித்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கு நாம் போகவேயில்லை. அந்தப் படத்தில் காவலரின் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டி எந்தச் சாதியைக் குறிக்கிறது என்ற சண்டையிலேயே விவாதம் தீர்ந்துபோனது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று சொல்லும் நாம், பிறப்பால் பழி சுமத்தலாமா? கூடாது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ் 1946இலேயே இதைப் பிரித்துக் காட்டினார்: தண்டனைக்குரிய குற்றம் செய்தவருடையது மட்டுமே, அரசியல் பொறுப்பு வேறு, மனசாட்சியின் கணக்கு வேறு. அப்பன் சொத்தை எடுத்துக்கொண்டவன் அந்தச் சொத்தின் அளவுக்குக் கடனுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும் என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் தெரிந்த நியாயம். நிலமும் பெயரும் செல்வாக்கும் கைமாறும்போது, அவை வந்த வழியை அறியும் கடமையும் கைமாறுகிறது.

ஜெர்மனி போரில் தோற்றது, அதனால் குற்ற உணர்வு அங்கே திணிக்கப்பட்டது, இங்கே அப்படி இல்லை என்பார்கள். ஆனால் 1963இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் தொடங்கிய ஆஷ்விட்ஸ் வழக்கை நடத்தியது ஜெர்மானிய நீதிமன்றம். அதற்குப் பின்னால் நின்ற அரசு வழக்கறிஞர் ஃப்ரிட்ஸ் பவரும் ஜெர்மானியரே. வெண்மணி வழக்கிலோ கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. பெரும் நிலமும் காரும் உள்ள மிராசுதார்கள் வேலையாட்கள் துணையின்றித் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற தோரணையில் அதன் வாதம் போகிறது. வெண்மணிப் படங்களை ஆராயும் நாம் அதிகம் புரட்டாத ஆவணம் இந்தத் தீர்ப்புதான். மிராசுதாரின் மகன் ஒருவன் அதைக் காட்டி ‘எங்கப்பாவைக் கோர்ட்டே விட்டுடுச்சே’ என்று சொல்ல முடியும். அவனுடைய நாடகம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மைக்கேலுக்குத் தீர்ப்பு வழிகாட்டியது. நம் கதையின் மகன் தீர்ப்பையும் தாண்டி யோசிக்க வேண்டியவன். அதனால் நம் கதை ஜெர்மானியக் கதையைவிடக் கடினமானது. அந்தக் கதை இங்கே இல்லாமல் போனதற்கு அது காரணமாகாது.

விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில், சாதி மாறி மணந்துகொண்ட கண்ணகியும் முருகேசனும் கொல்லப்பட்டது 2003இல். கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021இல். கொலை நடந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் இன்று வாக்காளர்கள். அவர்கள் வீட்டில் என்ன சொல்லி வளர்க்கப்பட்டார்கள் என்பதுதான் அடுத்த தமிழ்ப் படத்தின் கதையாக வேண்டும். அந்தப் படம் வரும்வரை ஆய்வாளர்கள் சும்மா இருக்கத் தேவையில்லை. வெண்மணி, ராஜாக்கண்ணு, கண்ணகி-முருகேசன் ஆகிய மூன்று வழக்குகளின் தீர்ப்புகளையும் திரைக்கதைகளின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நான் சொன்ன வெற்றிடம் அங்கே இல்லை என்று யாராவது நிறுவினால் என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதுவரை, வாரிசைக் கேட்காத படத்தை வரலாற்று நினைவு என்று முழுமனதோடு அழைக்க என்னால் முடியாது. கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.